நாவின் முடிச்சும் வெண்திரையும்

எமது தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்துக்குக் கடந்த தவணை விடுமுறையில் ஓர் ஒப்படை தரப்பட்டது. எழுத்தில் உள்ள ஒரு கதை திரைக்குப் போகும்போது எவ்வாறு மாறுகிறது என்பதை ஏதேனுமொரு படத்தை எடுத்துக்கொண்டு ஆராய வேண்டும். தோழியர் பலரும் நாவல்களைத் தெரிவு செய்தார்கள். இஸ்லாமிய நாகரிகமும் என்னுடைய பாடங்களில் ஒன்று என்பதால், வேதங்களில் வரும் ஒரு கதையையே எடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தான் செஸில் பி. டிமில் இயக்கி 1956 இல் வெளிவந்த ‘த டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ படத்துக்கு வந்து சேர்ந்தேன். நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லும் ஹொலிவூட் படம் அது. ஓடும் நேரம் மூன்று மணித்தியாலங்களும் நாற்பது நிமிடங்களும்.

உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “நபிமார நடிச்சுக் காட்டுற படத்தப் பாக்கத்தான் வேணுமா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நபிமார்களை நடிகர்கள் நடித்துக் காட்டுவது கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடு. எமது இஸ்லாம் பாட ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். “படிப்புக்காகப் பார்ப்பதென்றால் குர்ஆன் தர்ஜமாவைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். எது அல்லாஹ் சொன்னது, எது இவர்கள் சொல்வது என்று இடைக்கிடை நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். உம்மா அதற்கு அரைமனதாகச் சம்மதித்தார். வாப்பாவின் மடிக்கணினியில், நான்கு பகற்பொழுதுகளில், நிறுத்தி நிறுத்தி அந்தப் படத்தைப் பார்த்து முடித்தேன்.

தம்பி பக்கத்தில் வந்து குந்திக்கொள்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவன் தரம் ஆறில் படிக்கிறான். அவனைப் பற்றி இங்கே ஒரு விடயம் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவனுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான்.

முதலில் படத்தைப் பற்றிச் சில தகவல்கள். டிமில் இந்தக் கதையை இரண்டு முறை எடுத்தார். 1923 இல் பேசாப் படமாக எடுத்தார். 1956 இல் வண்ணத்தில் எடுத்ததே அவர் இயக்கிய கடைசிப் படமாகவும் அமைந்தது. அதன் செலவு ஏறத்தாழ 13 மில்லியன் டொலர். அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு செலவானதில்லை. எகிப்துக்கே போய், சினாய் மலையிலும் கெய்ரோவுக்கு வெளியே பாலைவனத்தில் கட்டிய பிரமாண்டமான நகர வாயிலிலும் படமெடுத்தார்கள். பிர்அவ்னின் தேர்களை ஓட்டியவர்கள் எகிப்திய இராணுவத்தின் குதிரைப்படையினர். எழுபதைத் தாண்டிய வயதில் அந்த வாயிலின் உச்சிக்கு ஏணியில் ஏறிய டிமிலுக்கு மாரடைப்பு வந்தது. சில நாட்களிலேயே படப்பிடிப்புக்குத் திரும்பிவிட்டார். மூஸாவாக நடித்தவர் சார்ள்டன் ஹெஸ்டன். கூடையில் மிதக்கும் குழந்தையாக வருவது அவருடைய சொந்த மகன்.

படம் தொடங்குமுன் டிமிலே ஒரு திரைக்கு முன்னால் வந்து நின்று பேசுகிறார். எனக்கு முழுப் படத்திலும் மிகவும் பயன்பட்டது அந்தச் சில நிமிடங்கள்தான். மூஸாவின் வாழ்க்கையில் ஏறத்தாழ முப்பது வருடங்களைப் பைபிள் சொல்லாமல் விட்டிருக்கிறது, அந்த இடைவெளியைப் பழைய வரலாற்றாசிரியர்களைக் கொண்டு நிரப்பியிருக்கிறோம் என்கிறார். பைலோ, ஜொஸிபஸ் என்ற இரண்டு பழைய யூத ஆசிரியர்களும் ‘மித்ராஷ்’ எனப்படும் யூத விளக்க நூல்களும் மூலங்களாகக் காட்டப்படுகின்றன. மூஸா எத்தியோப்பியாவை வென்று திரும்பும் தளபதியாகப் படத்தில் வருவது ஜொஸிபஸின் நூலிலிருந்து வந்த கதை. இவற்றோடு இன்னொரு வகை மூலமும் இருக்கிறது. ஆங்கில நாவல்கள் மூன்று, அவற்றில் ஒன்று 1859 இல் வெளிவந்தது. இளவரசி நெப்ரதிரி மூஸாவைக் காதலிப்பது, அவளுக்காக ரம்சேஸ் பொறாமைப்படுவது எல்லாம் வேதத்தில் இல்லை. அவை நாவல்களின் வழி வந்த சரக்கு. மூன்று மணித்தியாலம் நாற்பது நிமிடத்தில் இந்தக் காதலுக்குப் போகும் நேரத்தைக் கணக்குப் பார்க்க முயன்றேன். பாதியிலேயே எரிச்சல் வந்து விட்டுவிட்டேன்.

எனினும், இடைவெளியை நிரப்பியதற்காக மட்டும் டிமிலைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் எங்கள் உம்மும்மா.

நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது உம்மும்மா சொன்ன கதை இது. குழந்தை மூஸா ஒருநாள் பிர்அவ்னின் தாடியைப் பிடித்து இழுத்துவிட்டாராம். இவன்தான் நம்மை அழிக்கப் பிறந்தவனோ என்று பிர்அவ்னுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு தட்டில் முத்தும் இன்னொரு தட்டில் நெருப்புத் தணலும் வைத்தார்களாம். குழந்தை தணலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதால் நாக்கு சுட்டு, அன்றிலிருந்து பேச்சுத் தடுமாறியதாம். தம்பி இந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பான் என்று சொல்ல முடியாது. ஒப்படைக்காகத் தேடும்போதுதான் தெரிந்தது, இது குர்ஆனில் இல்லை. தப்ஸீர் நூல்களில் அறிவிப்பாக வருகிறது. ஏறத்தாழ இதே கதை மித்ராஷிலும் இருக்கிறது. அங்கே தட்டில் இருப்பது முத்தல்ல, தங்கம். ஹொலிவூட் இயக்குநர் போய்த் தேடிய அதே பழைய பெட்டியிலிருந்துதான் எங்கள் உம்மும்மாவின் கதையும் வந்திருக்கிறது. வேதம் மௌனமாக இருக்கும் இடத்தில் மனிதர்கள் கதை சொல்லாமல் இருந்ததே இல்லைபோலும்.

எமது காப்பியப் புலவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் அரபு நாட்டு வருணனையைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். பாலைவனத்தில் மழை பெய்து, ஆறு பெருகி, வயல் விளைந்து நிற்கும். அது தமிழ் மருத நிலம், மக்கா அல்ல. 5027 பாடல்கள் கொண்ட அந்தக் காவியம் அல்லாஹ்வின் தூதரைத் தமிழ் நெஞ்சங்களுக்கு அருகில் கொண்டுவந்தது. அந்த மழைக்காக யாரும் உமறுவைக் குறை சொல்வதில்லை.

அப்படியானால் படத்தில் எனக்கு உறுத்தியது எது? தர்ஜமாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அது மெல்ல மெல்லத் தெளிவாகியது. சொல்லாததைச் சேர்த்தது ஒரு பக்கம் இருக்க, சொன்னதையே பல இடங்களில் அழித்திருக்கிறார்கள்.

குழந்தையின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஸூரா அல்கஸஸில் மூஸாவின் தாயார் குழந்தையை ஆற்றில் விட்ட பின் அவருடைய உள்ளம் வெறுமையாகிப் போனதாக அல்லாஹ் சொல்கிறான். சகோதரி தூரத்திலிருந்தே பின்தொடர்ந்து பார்க்கிறார். குழந்தை வேறெந்தப் பெண்ணிடமும் பால் குடிக்க மறுக்கிறது. சகோதரி ஒரு குடும்பத்தைக் காட்டுவதாகச் சொல்ல, அரண்மனையின் அனுமதியோடே பிள்ளை தாயின் மடிக்குத் திரும்புகிறது. பைபிளின் யாத்திராகமத்திலும் தாயே பாலூட்டும் தாயாக வருகிறார். அங்கே குழந்தையை எடுத்து வளர்ப்பவர் மன்னனின் மகள், குர்ஆனில் அவனுடைய மனைவி. ஆனால் தாயிடம் பிள்ளை திரும்புவது இரண்டிலும் உண்டு. படத்தில் அது இல்லை! இளவரசி குழந்தையை எடுத்துக்கொள்கிறாள், பணிப்பெண்ணிடம் இரகசியம் காக்கச் சத்தியம் வாங்குகிறாள், அடுத்த காட்சிகளில் மூஸா வளர்ந்த வீரனாக வந்து நிற்கிறார். ஏன் என்று யோசித்தேன். தான் யாருடைய பிள்ளை என்பது மூஸாவுக்கே தெரியாமல் இருந்தால்தான் பின்னால் அந்த இரகசியம் வெடிக்கும்போது பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். ஒரு திடுக்கிடலுக்காக ஒரு தாயின் கண்குளிர்ச்சி வெட்டப்பட்டுவிட்டது.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்த உம்மா, “அதத்தானே நான் முதல்லயே சொன்னேன்” என்றார். அவர் சொன்னது வேறு; ஆனால் நான் வாதாடவில்லை.

மத்யன் கிணற்றடியும் அப்படித்தான். குர்ஆனில் இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். மூஸா (அலை) காரணம் கேட்கிறார், தண்ணீர் புகட்டுகிறார், பேசாமல் நிழலில் போய் உட்கார்ந்து தன் தேவையை அல்லாஹ்விடம் சொல்கிறார். ஊரும் உறவும் இல்லாத, பசித்த ஒரு மனிதர். பின்பு அவர்களில் ஒருத்தி நாணத்தோடு நடந்து வந்து, தந்தை அழைப்பதாகச் சொல்கிறாள். இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பலமானவரும் நம்பிக்கையானவரும் இவர் என்று தந்தையிடம் சிபாரிசு செய்வதும் ஒரு பெண்தான். ஆளை அளந்து பார்க்கத் தெரிந்த பெண் அவள். படத்தில் பைபிளைப் பின்பற்றி ஏழு சகோதரிகள் வருகிறார்கள். அந்நிய ஆணைப் பார்த்துச் சிரித்துக் குசுகுசுத்து ஒருவரையொருவர் இடிப்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தரப்பட்ட வேலை.

கொலைச் சம்பவத்தில் இன்னும் பெரிய வேறுபாடு. குர்ஆனில் மூஸா (அலை) ஒருவனைக் குத்த, அவன் இறந்துவிடுகிறான். உடனேயே இது ஷைத்தானின் செயல் என்று உணர்ந்து மன்னிப்புக் கேட்கிறார், மன்னிக்கவும் படுகிறார். படத்தில் கதாநாயகன் கொடியவனான ஒரு கட்டட அதிகாரியைக் கொன்று ஒரு நல்லவரைக் காப்பாற்றுகிறார். பார்க்கிற எமக்கு அது வெற்றியாகவே படுகிறது. காளைக் கன்றுச் சிலை விடயத்தில் பைபிளை ஒட்டி ஹாரூன் (அலை) அவர்களின் கையாலேயே அது செய்யப்படுகிறது, நிர்ப்பந்தத்தின் பேரில் என்றாலும். தடுக்க முயன்ற நபியாகவே அவரை அறிந்த எமக்கு அந்தக் காட்சியைப் பார்ப்பது கஷ்டம்.

கடல் பிளக்கும் காட்சியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. கணினி வரைகலை இல்லாத காலம். பெரிய தொட்டிகளில் தண்ணீரைப் பாய விட்டுப் படம் பிடித்து, அந்தப் படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டி, எகிப்தில் எடுத்த காட்சிகளோடு இணைத்தார்கள். கீழே விழுந்த நீர் மேலே எழுந்து சுவராக நின்றது. ஏழு ஒஸ்கார் பரிந்துரைகளில் அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரேயொரு விருது இந்த விசேட காட்சியமைப்புக்குத்தான். ஸூரா அஷ்ஷுஅராவில் பிளந்த கடலின் ஒவ்வொரு பகுதியும் பெரும் மலை போல நின்றதாக வருகிறது. அந்த வசனத்தை இனி ஓதும்போது இந்தக் காட்சிதான் ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன். ஆனால் குர்ஆன் அந்த நீருக்குக் கொடுப்பது ஒரு வசனம் மட்டுமே. அதற்கு முந்திய வசனங்களில், பின்னால் படை வருவதைக் கண்டு, அகப்பட்டுவிட்டோம் என்று தோழர்கள் அலறுகிறார்கள். இல்லை, என் இறைவன் என்னோடு இருக்கிறான், வழி காட்டுவான் என்கிறார் மூஸா (அலை). முன்னால் தண்ணீர் இன்னும் பிளக்கவில்லை. அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல முடிந்ததுதான் எனக்குக் கடலைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

படத்தின் ரம்சேஸ் கடலில் மூழ்குவதில்லை. கரையில் நின்று படை அழிவதைப் பார்த்துவிட்டு அரண்மனைக்குத் திரும்புகிறான். யாத்திராகமம் படை மூழ்கியதைத் தெளிவாகவும் மன்னனின் முடிவைத் தெளிவின்றியும் சொல்வதால் அப்படிக் காட்ட இடமிருக்கிறது. குர்ஆனில் அவன் மூழ்குகிறான். மூழ்கும்போது ஈமான் கொண்டதாகச் சொல்கிறான், இப்போதுதானா என்று கேட்கப்படுகிறான். ஒரு திரைக்கதை ஆசிரியர் தேடினாலும் கிடைக்காத உச்சக் காட்சி ஸூரா யூனுஸில் இருக்கிறது. டிமில் அதை எடுக்கவில்லை.

இனித் தம்பியின் கேள்வி. மூன்றாம் நாள், எரியும் செடியின் காட்சிக்குப் பிறகு, ஹெஸ்டன் அரசவையில் நின்று கணீரென்ற குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“ராத்தா, இவரா மூஸா நபி?”

“இல்ல. இவர் அமெரிக்க நடிகர்.”

“அப்ப மூஸா நபியும் இப்பிடித்தான் பேசினாரா? திக்கல்லையே.”

நான் படத்தை நிறுத்தினேன். அந்தக் கேள்விக்கு விடை அவனுக்கே தெரியும். பேச்சுப் போட்டிக்கும் வாய்மொழிப் பரீட்சைக்கும் முன்னால் நாங்கள் எல்லோரும் ஓதும் துஆ அது. ஸூரா தாஹாவில், நபித்துவத்தைப் பெற்ற அந்த வேளையிலேயே மூஸா (அலை) தன் உள்ளத்தை விரிவாக்கும்படியும் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படியும் கேட்கிறார், அப்போதுதான் தன் பேச்சை மக்கள் விளங்கிக்கொள்வார்கள் என்று. சகோதரர் ஹாரூனைத் துணைக்குத் தரும்படியும் கேட்கிறார். வேறோரிடத்தில் அவர் தன்னைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர் என்று காரணமும் சொல்கிறார். பிர்அவ்ன் இதையே குத்திக்காட்டி, தெளிவாகப் பேசவும் முடியாதவன் என்று ஏளனம் செய்வதும் குர்ஆனில் வருகிறது. பைபிளிலும் மூஸா தான் திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன் என்றுதான் சொல்கிறார். இரண்டு வேதங்களும் மறைக்காமல் சொன்ன ஒன்றைத் திரைப்படம் கழற்றி எறிந்துவிட்டது. பெரிய திரையின் கதாநாயகனுக்குப் பெரிய குரல் வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். ஹாரூன் (அலை) பாத்திரம் ஓரமாக நிற்கிறது. அவர் ஏன் கூடவே வருகிறார் என்பதே படத்தைப் பார்த்தவருக்கு விளங்காது.

எனக்குச் சொல்லத் தெரிந்ததைத் தம்பிக்குச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “எனக்கு இனி இவர்ர முகம்தான் வரும்” என்றான். அந்த இடத்தில் எனக்கு உலமாக்களின் எச்சரிக்கை முதன்முதலாக உள்ளுக்குள் பட்டது. அதுவரை அதை ஒரு சட்டமாக மாத்திரமே தெரிந்து வைத்திருந்தேன். உமறுப்புலவரின் மழையை நான் ஒருவிதமாகக் காண்பேன், நீங்கள் வேறுவிதமாகக் காண்பீர்கள். திரையில் எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே குரல். அந்த முகம் மனதில் உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது சிரமம்.

முகத்தைக் காட்டாமல் எடுக்க முடியாதா என்றால், எடுத்திருக்கிறார்கள். அலெப்போவில் பிறந்த முஸ்தபா அக்காத் 1976 இல் வெளியிட்ட ‘த மெஸேஜ்’ எம்மவர் பலரும் பார்த்த படம். மொரோக்கோவில் படப்பிடிப்பைத் தொடங்கி, எதிர்ப்பினால் நிறுத்தி, லிபியாவுக்குப் போய் முடித்தார். ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் ஒன்று என ஒரே காலத்தில் இரண்டு படங்கள். ஹம்ஸா (ரழி) அவர்களாக ஆங்கிலத்தில் அந்தனி குயினும் அரபியில் அப்துல்லாஹ் கைத்தும் நடித்தார்கள். நபி (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. அவர்கள் இருக்கும் காட்சிகளில் கமராவே அவர்களின் இடத்தில் நிற்கிறது. மற்றவர்கள் எம்மை நோக்கிப் பேசுகிறார்கள், பதிலைத் தாங்களே திருப்பிச் சொல்கிறார்கள். சில இடங்களில் இது செயற்கையாகத்தான் இருக்கிறது. நடுவில் நிற்கவேண்டியவர் காணப்படாததால் ஹம்ஸாவே படத்தின் வீரராகி, உஹதில் அவர் ஷஹீதான பிறகு படம் கொஞ்சம் தளர்ந்தும் போகிறது. ஆனாலும் அந்தப் படம் முடிந்தபோது என் மனதில் வேறொருவருடைய முகம் மிச்சமிருக்கவில்லை.

2014 இல் ஒரே வருடத்தில் ‘நோவா’, ‘எக்ஸடஸ்’ என்று இரண்டு வேதக் கதைப் படங்கள் வந்தன. முதலாவதைக் கட்டாரும் பஹ்ரைனும் ஐக்கிய அரபு இராச்சியமும் அனுமதிக்கவில்லை, இரண்டாவதை எகிப்து தடை செய்தது. அவற்றைப் பார்க்க எனக்கு ஆசையும் வரவில்லை, உம்மாவிடம் மறுபடி கேட்கத் துணிவும் இல்லை.

விடுமுறை முடிந்து இரண்டாவது வாரத்தில் தம்பியின் வகுப்புக்குக் காலைக் கூட்டத்தை நடத்தும் முறை வந்தது. நபிமார் வரலாறு ஒன்று சொல்ல வேண்டும். யாரும் கேட்காமல் இவனே பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றான். எழுதித் தரச் சொன்னான். நான் கடல் பிளந்ததில் தொடங்கி எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “கடல் எல்லாருக்கும் தெரியும்தானே ராத்தா. நாவுட கதையச் சொல்லுவம்” என்றான். திருப்பி எழுதினோம். தணல் கதையைச் சேர்ப்பதா என்று எங்களுக்குள் ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. ‘இது குர்ஆனில் இல்லை, உம்மும்மா சொன்னது’ என்ற ஒரு வரியோடு சேர்த்துக்கொண்டோம்.

அன்று பின்னேரம் பாடசாலை விட்டு வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்கு ஓடினான். ‘பிர்அவ்ன்’ என்ற சொல்லில் மூன்று முறை நின்றுவிட்டானாம். துஆவை மனதுக்குள் ஓதிவிட்டுத் திரும்பச் சொன்னானாம்.

“சிரிச்சாங்களா?” என்று உம்மா கேட்டார்.

“ரெண்டு பேர் சிரிச்ச. நான் ஹாரூன் நபிட பகுதிக்குப் போயிட்டேன்” என்றான்.